காருக்குச் சந்தனம் பூசியவள்

எனக்கு வயது எண்பத்தாறு. வளர்த்தது ஐந்து பேரை. நான்கு நான் பெற்றது. ஐந்தாவது என் நாத்தனார் சொர்ணம். நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்தபோது அவளுக்கு ஆறு வயது, தாய் இல்லாத பிள்ளை. தலை வாரி, சோறு ஊட்டி, பத்தாவது வரை படிக்க வைத்தேன். நான் படித்தது மூன்றாவது வரைக்கும்தான். ஆனால் எனக்குத் தெரியாதது என்று உலகத்தில் எதுவும் இல்லை என்று முப்பத்து மூன்று வயதில் ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்பை ஒரு காரின் மேல் பூசிக் காட்டிய கதை இது.

எங்களுக்குத் தியாகராய நகரில் பாத்திரக் கடை. பனகல் பார்க்குக்குப் பின்னால் வீடு. அடையாற்றில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊரைப் பார்க்கப் போகும்போது தன் காரை விற்றார். என் வீட்டுக்காரர் அதை வாங்கி வந்தார். கப்பல் மாதிரி நீளம். வாசலில் நிறுத்தினால் பக்கத்து வீட்டு வாசலுக்கும் சேர்த்து நிற்கும். பதினைந்து வருஷத்துப் பழைய வண்டி, கதவைச் சாத்தினால் ஒரு முறைக்கு இரண்டு முறை சத்தம் கேட்கும். ஆனால் அதில் ஏ.சி. இருந்தது! எங்கள் தெருவில் வீட்டுக்கே ஏ.சி. கிடையாது. (இருந்த ஒரே டாக்டர் வீட்டிலும் அதைத் திரை போட்டு மூடித்தான் வைத்திருந்தார்கள்.) எனக்குத் தலை கால் புரியவில்லை. கீரைக்காரியிடம்கூட, "கார்ல இருந்து இறங்கினேன், குளிர்ல தொண்டை கட்டிக்கிச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்த ஏ.சி.யிலிருந்து வந்த காற்று, வயசான ஆள் சூடான காபியை ஊதுகிற அளவுக்குத்தான் வரும்.

அந்தச் சமயத்தில்தான் சொர்ணத்துக்குத் தூத்துக்குடியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குப் பம்பாயில் வேலை. முதலில் பெரியவர்கள் வந்து பெண்ணைப் பார்ப்பது, பிடித்தால் பிறகு அவர் வருவது என்று ஏற்பாடு. அவளுக்கு அதற்கு முன் மூன்று இடம் கைகூடாமல் போயிருந்தது. அண்ணன் பெண்டாட்டி சரியாகச் செய்யவில்லை என்று ஊரில் ஒரு பேச்சு. இந்த இடமும் போனால் நான் ஊர்ப்பக்கம் தலை காட்ட முடியாது.

அவர்களுக்குக் கடிதம் எழுத வேண்டும். நான் சொல்ல, சொர்ணம் எழுதினாள்.

"எங்கள் காரில் ஏ.சி. உள்ளது. ஆகையால் சால்வை கொண்டு வரவும்" என்றேன்.

சொர்ணம் பேனாவை நிறுத்தினாள். "மதினி, சித்திரை மாசம். சால்வைன்னு எழுதினா சிரிப்பாவ."

"சொன்னதை எழுதுட்டி."

எழுதினாள். எழுதிய பிறகுதான் எனக்கு உறைத்தது. சால்வைக்கு ஏற்ற குளிருக்கு எங்கே போவது?

வண்டியை ராயப்பேட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். பெயர் தாஸ். என் வீட்டுக்காரர் ஓட்டினார், நானும் சொர்ணமும் பின்னால். தாஸ் மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, அரை மணி நேரம் எதையோ முறுக்கினார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இங்க வந்து பாருமா. பெல்ட்டு தொளதொளன்னு கீது, அத்த இழுத்துக் கட்டிட்டேன். இப்ப இத்தப் பாரு. மூஞ்சிக்கு நேரா பொடிப்பொடியா தகடு அடுக்கி வச்சிக்கீது, சீப்பு மாதிரி. உள்ள கீற சூட்டெல்லாம் இதுலதான் வெளிய போவும். இது சூடாவாம இருந்தாத்தான் உள்ள சில்லுன்னு வரும். இத்தினி வருசத்து தூசி, பூச்சி, எல்லாம் அடச்சிக்கினு கீது. நல்லா தண்ணி ஊத்திக் கழுவு. காத்து பூந்து பூந்து வரணும். அவ்ளோதான்."

"அவ்வளவுதானா?" என்றேன். எனக்கு மரியாதைக் குறைச்சலாக இருந்தது. இவ்வளவு பெரிய சீமைக் காருக்குப் பச்சைத் தண்ணீரா வைத்தியம்?

"அப்பால, வெயில்ல நின்னுகினு இருந்த வண்டில ஏறுனா, மொதல்ல கண்ணாடியத் தொறந்து வுடு. சூடு வெளிய போவட்டும். அப்புறமா மூடு."

சொர்ணம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நான் அந்த மனிதரின் கிரீஸ் படிந்த பனியனைப் பார்த்தேன். இவருக்கு என்ன தெரியும் என்று ஒரு இளக்காரம். அவர் சொன்ன பத்து வாக்கியத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்: இது சூடாகாமல் இருக்க வேண்டும்.

சூடாகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று எனக்கா தெரியாது? என் பிள்ளைகளுக்கு வேனல் கட்டி வந்தால் என்ன செய்தேன்? என் வீட்டுக்காரருக்கு முதுகெல்லாம் வேர்க்குரு வந்தால் என்ன செய்தேன்? சந்தனம்! அரைத்துப் பூசினால் அரை மணியில் குளிர்ந்துவிடும். மனுஷ உடம்புக்குக் குளிர்ச்சி என்றால் தகரத்துக்கு மட்டும் என்ன வலிக்கிறதா? (இப்படி யோசித்தவள் நான்தான். வேறு யாரும் என்னைக் கெடுக்கவில்லை.)

என் தாய் வீட்டில் எனக்குக் கொடுத்த சந்தனக் கட்டை ஒன்று இருந்தது. அதைக் கல்லில் இழைத்தேன். இரண்டு நாள் இழைத்தேன். தோள்பட்டை கழன்றது. பெரிய கிண்ணத்தில் இரண்டு கிண்ணம் சேர்ந்தது. பன்னீர் விட்டேன். பச்சைக் கற்பூரம் பொடித்துப் போட்டேன். தூத்துக்குடிக்காரர்கள் வருகிற புதன்கிழமை விடியற்காலை, வீடு எழுந்திருக்கும் முன், காரின் முன்பக்கம் உட்கார்ந்து, அந்தச் சீப்புத் தகடு முழுக்க, ஒரு இடுக்கு விடாமல், தோசைத் திருப்பியால் வழித்து வழித்துப் பூசினேன். கழுவவெல்லாம் இல்லை. தூசியின் மேலேயே. மேலே ஒரு மல்லிகைச் சரத்தையும் தொங்க விட்டேன். சரம் மறைத்ததால் யாருக்கும் தெரியவில்லை.

எழும்பூர் ஸ்டேஷனுக்குக் காலை ஏழரைக்குப் போனபோது உள்ளே சில்லென்றுதான் இருந்தது. அந்த நேரத்தில் மாட்டு வண்டியில் போனாலும் சில்லென்றுதான் இருக்கும். நான் என் சந்தனத்தை மெச்சிக்கொண்டேன்.

ரயில் மூன்று மணி நேரம் தாமதம். அதுவரை வண்டி ஸ்டேஷன் வாசலில் மொட்டை வெயிலில் நின்றது. சந்தனம் காய்ந்து, சுவருக்குப் பூசிய சுண்ணாம்பு மாதிரி இறுகியது. அது எனக்கு அப்போது தெரியாது.

பத்தரைக்கு அவர்கள் இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா, தாய்மாமன், அம்மா. அந்த அம்மாள் கையில், மடிப்புக் கலையாமல், ஒரு காஷ்மீர்ச் சால்வை!

பன்னிரண்டுக்கு ராகு காலம் தொடங்கும். அதற்குள் பெண்ணைப் பார்த்தாக வேண்டும். அவசரமாக ஏறினோம். வண்டிக்குள் இட்லி அவிக்கலாம், அவ்வளவு சூடு. மாப்பிள்ளையின் அப்பா கண்ணாடியை இறக்கப் போனார்.

"திறக்காதீங்க! திறந்தா குளிர் வெளியே போயிடும்" என்றேன்.

"எந்தக் குளிர்மா?" என்றார் அவர், மெய்யாகவே தெரியாமல்.

"இப்ப வரும்."

வந்தது. ஆயிரம் விளக்கு தாண்டும்போது முழு வேகத்தில் வந்தது, பேக்கரி அடுப்பைத் திறந்தது மாதிரி. ஐந்து பேரும் பட்டிலும் ஜரிகையிலும் வெந்துகொண்டிருந்தோம். அந்த அம்மாளின் குங்குமம் மூக்கு வரை இறங்கிவிட்டது. சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா, எழுதியிருந்தியளே, இதுதானா அந்த ஏ.சி.?"

"பழகணும். மொதல்ல இப்படித்தான் இருக்கும்" என்றேன். சொல்ல எப்படித்தான் வாய் வந்ததோ.

தேனாம்பேட்டையில் தாய்மாமன் மூக்கை உறிஞ்சினார். "எங்கேயோ அபிஷேகம் நடக்கு. சந்தன வாசனை ஆளைத் தூக்குதே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாண்டி பஜாருக்குள் நுழைந்தபோது என் வீட்டுக்காரர், "ஏட்டி, சூடு காட்டுத ஊசி சிவப்புல நிக்கு" என்றார். பனகல் பார்க் வாசலில் வண்டி நின்றேவிட்டது. முன்னாலிருந்து புகை கிளம்பியது. புகைகூட மணந்தது.

அவர் மூடியைத் திறந்தார். எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, இது என்னது? வண்டிக்கு அம்மை போட்டிருக்கா?"

அவர் தண்ணீர் கொண்டுவர வீட்டுக்கு ஓடினார். கனத்த உடம்பு, ஓட்டம் என்று சொல்ல முடியாது. நான் சம்பந்தக்காரர்களைப் பார்க்கில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தேன். நடந்தால் பத்து நிமிஷம்தான் வீடு. "இந்த வெயில்ல நடக்கதுக்கா தூத்துக்குடியில இருந்து வந்தோம்?" என்று அந்த அம்மாள் அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வந்தது. கொண்டுவந்தது யார்? பழைய சீட்டிச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, பாதி பின்னிய சடையோடு, இடுப்பில் பித்தளைக் குடத்தோடு சொர்ணம்! பின்னால் வாளியோடு இரைத்துக்கொண்டு அவள் அண்ணன்.

"யாரு இந்தப் பிள்ள?" என்றார் அந்த அம்மாள்.

பெண்ணை இந்தக் கோலத்திலா காட்டுவது? எனக்கு மானம் போகிற மாதிரி இருந்தது. யோசிக்கவே இல்லை.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு. உதவிக்கு வந்திருக்கு."

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். காலை மிதித்தேன். மூடிக்கொண்டார். சொர்ணம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அமைதியாக, "ஆமா, பக்கத்து வீடு" என்றாள்.

வண்டி ஆறும்வரை காத்திருந்து, குடத்துத் தண்ணீரைத் தகட்டின் மேல் மெல்ல ஊற்றினாள். சடையிலிருந்து கொண்டை ஊசியை உருவி, இடுக்கு இடுக்காகச் சுரண்ட ஆரம்பித்தாள். என் இரண்டு நாள் உழைப்பு தார் ரோட்டில் மஞ்சளாக ஓடியது. அந்த அம்மாள் எழுந்து வந்து பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"ஏன் பிள்ள, இவங்க வீட்டு ஆளுங்க எப்படி?"

"நல்லவங்கதான். சொல்றதை மட்டும் கேக்க மாட்டாங்க."

"அந்தப் பொண்ணு? சொர்ணமோ என்னமோ?"

"வாய் கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள் சொர்ணம், சுரண்டிக்கொண்டே. "ஆனா வேலை செய்வா."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பூமி பிளக்கவில்லை.

சுரண்டி முடித்து, ரேடியேட்டருக்கும் தண்ணீர் விட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு அவள் குறுக்குச் சந்தில் ஓடினாள். வண்டி கிளம்பியது. நான்கு கண்ணாடியும் இறக்கிச் சூட்டை விரட்டி, பிறகு ஏற்றினோம். பார்க்கை ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் உள்ளே ஜிலுஜிலுவென்று வந்தது! அந்தக் கிரீஸ் பனியன் மனிதர் சொன்ன தண்ணீர்தான், வேறொன்றும் இல்லை. அந்த அம்மாள் சால்வையைப் போர்த்திக்கொண்டார். ஆனால் எனக்குத்தான் வேர்த்தது. இன்னும் கால் மணியில் அதே முகம் பட்டுச்சேலையில் காபி கொண்டுவருமே!

வீட்டுக்குள் நுழைந்ததும் அடுக்களைக்கு ஓடினேன். சொர்ணம் பட்டுக் கட்டித் தயாராக இருந்தாள்.

"தலையைக் குனிஞ்சுக்கோ. நிமிரவே கூடாது" என்றேன்.

"எத்தனை வருஷத்துக்கு மதினி?" என்றாள்.

காபித் தட்டோடு போனாள். நன்றாகத்தான் குனிந்திருந்தாள். பவுடர், பூ, நெற்றிச்சுட்டி, அடையாளமே தெரியவில்லை. எனக்கு மூச்சு வந்தது. அந்த அம்மாள் தம்ளரை எடுக்கக் கை நீட்டினார். நீட்டியவர் எடுக்காமல், தட்டைப் பிடித்திருந்த விரல்களையே பார்த்தார். பத்து நகக்கண்ணிலும் சந்தனம்.

"ஏம்மா," என்றார் என்னிடம், "பக்கத்து வீட்டுப் பிள்ள எதுக்கு இங்க காபி கொண்டுவருது?"

நான் சுவரைப் பார்த்தேன். சொர்ணம் நிமிர்ந்தாள். "இவங்க வீட்டுப் பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி. அதான் என்னை அனுப்பியிருக்காங்க" என்றாள்.

அந்த அம்மாள் சிரித்தார் பாருங்கள், காபி தம்ளர் தட்டில் ஆடியது. "மணி பன்னெண்டு அடிக்கும் முன்ன சொல்லிப்புடுதேன். இவங்க வீட்டுப் பொண்ணு எங்களுக்கு வேண்டாம். பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கொடுத்துருங்க."

சம்பந்தம் முடிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். சொர்ணம் அடுக்களைக்கு வந்தபோது மட்டும் சிரிக்கவில்லை. "ஆறு வயசுல இருந்து உங்க கையால சாப்பிடுதேன் மதினி. ஒரு பழைய சேலையில தெருவுக்கு வந்ததுக்குப் பக்கத்து வீடு ஆயிட்டேனா?" என்றாள். அவள் முகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள். பிறகு பஜ்ஜி கருகுகிற வாசனை வந்தது.

அவள் என்னை மன்னித்துவிட்டாள். ஆனால் அதற்கு வட்டி வாங்குகிறாள். அன்றிலிருந்து நான் அவளுக்கு மதினி இல்லை, "பக்கத்து வீட்டம்மா"தான். கல்யாணப் பந்தலில் அப்படிக் கூப்பிட்டாள். பம்பாயிலிருந்து வந்த கடிதம் எல்லாம், "அன்புள்ள பக்கத்து வீட்டம்மாவுக்கு" என்றுதான் தொடங்கும். அவள் பிள்ளைகளுக்கு நான் பக்கத்து வீட்டு அத்தை. போன மாதம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். எழுபத்து நாலு வயதுக் கிழவி பம்பாயிலிருந்து விமானம் ஏறி வந்து நின்றாள். "நீங்க பேஷண்டுக்கு என்ன உறவு?" என்று நர்ஸ் கேட்டதற்கு, "பக்கத்து வீடு" என்றாள். உள்ளே விடவில்லை. நான் கட்டிலில் இருந்து கத்தினேன், "அது என் மூத்த மகள், விடுங்க" என்று.

சரி, போதும். கை வலிக்கிறது. ஏ பேத்தி, கவிதா, அந்த போனைக் கீழே வைத்துவிட்டு இங்கே வா. என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பார்த்து வாசி. முதலில் இருந்து, சத்தமாக வாசி. சிரித்தால் மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும், சொல்லிவிட்டேன்.