லாபக்காரர் எண்ணிய கட்டு

எங்கள் ஊர் முதலமடையில், ஆண்டவனே எண்ணிச் சொன்னாலும் "இல்லீங்க, தப்பு" என்று மறுக்கக்கூடிய ஒரே மனிதர் லாபக்காரர்தான். மாந்தோப்புக்காரர். சந்தையில் எண்ணுகிறவர்கள் 'லாபம்' என்று தொடங்குவது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். இவர் எதை எண்ணினாலும் அப்படித்தான். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், "லாபம் ஒருத்தன், அப்புறம் மூணு பேருங்க" என்பார். ரேஷன் கார்டில் மூத்த மகன் பேர் விட்டுப்போனது அதனால்தான் என்று ஊரில் பேச்சு.

எழுபதுகளில் எங்கள் ஊருக்கு பாங்கு வந்தது. நான் அதில் குமாஸ்தா. காஷியர் சுந்தரம் கல்பாத்தி அக்கிரகாரத்துப் பையன், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மாங்காய் சீசனில் ஒருநாள் லாபக்காரர் முதன்முதலாகப் பணம் கட்ட வந்தார். மஞ்சள் பை நிறையப் பத்து ரூபாய்க் கட்டுகள். சுந்தரம் ஒரு கட்டைப் பிரித்ததும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஏனுங் தம்பி, நான் எண்ணினத மறுக்கா எண்ணறதா? பொள்ளாச்சி ஏவாரிககூட என்ர மாங்காயத் திருப்பி எண்ண மாட்டாங்க!"

அவர்கள் ஏன் எண்ணமாட்டார்கள் என்பது எங்களுக்கு அப்போது தெரியவில்லை. பின்னால் நின்ற கூட்டம் வேறு நெருக்கியது. சுந்தரம் கட்டுகளை அப்படியே வாங்கிப் போட்டு, அவற்றையே பிரித்து மற்றவர்களுக்குப் பட்டுவாடாவும் செய்துவிட்டான்.

சாயங்காலம் கணக்கு முடித்தால் பணம் அதிகம். குறைந்தாலாவது கைக்காசைப் போட்டுச் சரிக்கட்டலாம். அதிகமென்றால் யாருக்கோ குறைத்துக் கொடுத்திருக்கிறான் என்றுதான் மேனேஜர் நினைத்தார். நாளைக்குள் காரணம் தெரியாவிட்டால் மேலே எழுதிவிடுவேன் என்றார். எழுதினால் வேலை போய்விடும். "நான் யாரையும் ஏமாத்தலை சார்" என்று சுந்தரம் திரும்பத் திரும்பச் சொன்னான்.

மறுநாள், முந்தின நாள் பணம் கட்டியவர்கள், வாங்கியவர்கள் எல்லோரையும் விசாரித்து, கடைசியில் லாபக்காரரை வரவழைத்தோம். மேனேஜர் ஒரு கத்தை நோட்டைத் தள்ளி, நூறு எண்ணித் தரச் சொன்னார்.

"லாபம்..." என்று ஒரு நோட்டை வைத்தார். அடுத்ததை வைத்து, "ஒண்ணு" என்றார்.

மேனேஜர் துள்ளி எழுந்தார். "இப்படி எண்ணினா கட்டுக்கு ஒண்ணு கூடுமே!"

"நூறு நூறுதானுங்க. லாபம் கணக்குல வருமுங்களா? அது வாங்கறவங்களுக்கு."

பாங்கு லாபம் வாங்கக்கூடாது என்று மேனேஜர் படித்துப் படித்துச் சொன்னார். தப்பாக எண்ணியதாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதிகப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்னார். லாபக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். "என்ர தலையே போனாலும் அப்புடி எழுத மாட்டனுங்க!"

வாசல்வரை போனவர் சுந்தரத்தைப் பார்த்தார். அவன் கண் கலங்கி நின்றான்.

"இந்தத் தம்பிக்கு என்னாச்சுங்க?"

எழுத்தில் காரணம் இல்லாவிட்டால் அவன் வேலை போய்விடும் என்று நான் சொன்னேன். அவர் திரும்பி வந்தார். "குடுங்க காயிதத்த" என்று வாங்கி, 'நான் எண்ணியது தப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சந்தையில் அதைச் சொல்லி ஒரு சீசன் முழுக்க அவரைக் கிண்டல் செய்தார்கள். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை.

அடுத்த முறை பணம் கட்ட வந்தபோது, கட்டுகளை வைத்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "எண்ணிக்க தம்பி" என்றார்.

சுந்தரம் எண்ணினான். வழக்கம்போல் கட்டுக்கு ஒன்று அதிகம். அவற்றைத் தனியாக எடுத்து நீட்டினான். அவரும் பார்க்காமலே வாங்கி மடியில் செருகிக்கொண்டார். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.