மைக் கெட்டுப்போன மாணவி

அன்புள்ள மகனுக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீ அங்கே சௌக்கியம் என்றே எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் இதற்குள் போன் போட்டு மூக்கைச் சிந்தியிருப்பாய். இங்கே நான் சௌக்கியம், உன் பெண்டாட்டி சௌக்கியம், குளியலறைக் குழாய்தான் ஒழுகுகிறது. நான் சவரம் செய்துகொள்வதில்லை என்று அவள் உன்னிடம் கோள் மூட்டினாளாமே? பஸ் ஓட்டின காலத்தில் தினமும் செய்தேன். இப்போது ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் நடுவே மட்டும் போய்வருகிறவனுக்கு எதற்கடா சவரம்? அது கிடக்கட்டும். போனில் சொல்ல முடியாத விஷயம், அதனால்தான் கடிதம். இந்த வீட்டுச் சுவரைப் பற்றி உனக்கே தெரியும். இந்த அறையில் கொட்டாவி விட்டால் அந்த அறையில் கேட்கும்.

கம்பெனியில் ஆட்குறைப்பு என்று அவளை வீட்டுக்கு அனுப்பினதும், அவள் ஆன்லைனில் கம்ப்யூட்டர் டியூஷன் ஆரம்பித்ததும் உனக்குத் தெரிந்த கதை. அல்காரிதம் என்று ஒன்று. அதாவது ஒரு வேலையை எப்படிச் செய்யவேண்டும் என்று கம்ப்யூட்டருக்கு ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றும் தெரியாதவனுக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொல்வது. அதை நடத்துவதில் அவள் கெட்டிக்காரி. தெரியாத கதை என்னவென்றால், கடைசியாக மிஞ்சியிருந்த ஒரே மாணவனும் ஏதோ பெரிய பயிற்சி நிலையத்துக்கு ஓடிவிட்டான். அன்றைக்கு ஹெட்போனைச் சுருட்டி டிராயருக்குள் போட்டு மூடிவிட்டு, "எனக்குப் பாடம் நடத்தவும் வரலை போல மாமா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை. அப்புறம் குளித்தால் குளித்தாள், சாப்பிட்டால் சாப்பிட்டாள். உன்னிடம் மட்டும் போனில் கலகலவென்று பேசி நடித்துவிட்டு, வைத்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். எனக்குப் பொறுக்கவில்லை.

நேரே மருந்துக்கடைக்காரரிடம் போனேன். அவர்தான் செல்போனில் சகலமும் அறிந்தவர். உன் பழைய லேப்டாப்பில் ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டாக்கி, அவளுடைய விளம்பரத்தைத் தேடிப் பிடித்து, என்னை மாணவனாகச் சேர்த்துவிட்டார். முதல் சில மாதங்களுக்குக் கட்டணம் கிடையாது என்று அவளே போட்டிருந்தாள், அதனால் அந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் அந்தப் புண்ணியவான் கடையில் கூட்டம் என்று அவசர அவசரமாக எதையோ அழுத்த, நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவி ஆகிவிட்டேன். என் முகத்துக்குப் பதிலாக ஒரு ரோஜாப்பூ படம் வேறு. மாற்றுய்யா என்றால், "இருக்கட்டும் சார், லட்சணமா இருக்கு" என்கிறார்.

கேமரா கெட்டுப்போச்சு, மைக்கும் கெட்டுப்போச்சு, கேள்வியெல்லாம் டைப் அடித்துத்தான் கேட்பேன் என்று முதல் நாளே எழுதிவிட்டேன். அவளும் நம்பிவிட்டாள். அவள் ஹாலில், நான் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு என் அறையில், காதில் உன் பழைய இயர்போன். நடுவில் அந்தச் சுவர். "வாம்மா செல்லம், சாப்பிட்டியா?" என்று ஆரம்பித்தாள் பார், எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. நான் உனக்கே அப்பன். என்னைப் போய் செல்லம், கண்ணு, ஹோம்வொர்க் எங்கடி என்கிறாள்! இன்னொரு நாள், "தேடறதுல ரெண்டு விதம் இருக்கு. எங்க மாமா கண்ணாடியைத் தேடுவார் பாரு, வீட்டு மூலையிலேருந்து ஒண்ணு விடாம ஒவ்வொரு இடமா. கடைசியில தலைமேல இருக்கும். அது ஒரு விதம்" என்றாள். மெதுவாகத் தலையைத் தொட்டுப் பார்த்தேன். கண்ணாடி அங்கேதான் இருந்தது. கோபம் வந்து என்ன செய்ய, ரோஜாப்பூவாயிற்றே, "சூப்பர் மேடம்" என்று அடித்தேன்.

குக்கர் கூத்தைக் கேள். அடுப்பில் வைத்துவிட்டு வகுப்பில் உட்கார்ந்துவிட்டேன். அது கத்தோ கத்து என்று கத்துகிறது. "ஒரு நிமிஷம் செல்லம், எங்க மாமா குக்கரை மறந்துட்டார்" என்று அவள் எழுந்திருக்க, நான் இயர்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓட, இரண்டு பேரும் அடுப்பு முன்னால் முட்டிக்கொள்ளாத குறை. "ஏன் மாமா மூச்சு வாங்குது?" "வாக்கிங் போனேன்மா." "ரூமுக்குள்ளயா?" "வெளிய வெயிலாயிருக்கே." சரி சரி என்று போய்விட்டாள். பின்னொரு நாள் பாதி வகுப்பில் மின்சாரம் போய், கொஞ்சம் பொறுத்து வந்தது. "சாரிடா, எங்க வீட்ல கரண்ட் போயிடுச்சு" என்றாள். நான் பாட்டுக்கு "எங்க வீட்லயும்தான்" என்று அடித்துத் தொலைத்தேன். அடித்த பிறகுதான் உயிரே போனது. "அப்படியா! எல்லாப் பக்கமும் போகுது போல" என்று பாடத்துக்குப் போய்விட்டாள். உன் பெண்டாட்டிக்குக் கள்ளம் கபடமே தெரியாதடா. இந்தக் காலத்தில் இப்படி ஒரு வெகுளி.

நான் எழுதின புரோகிராம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது ஒரு நாள். "கடைசி ஸ்டாப் எதுன்னு சொல்லாம பஸ்ஸை எடுத்தா வண்டி எங்க போய் நிக்கும் செல்லம்?" என்றாள். "டீசல் தீர்ற இடத்துல" என்று அடித்தேன். சிரித்தாள் பார், இயர்போனே தேவைப்படவில்லை, சுவரைத் தாண்டி வந்தது. எத்தனை மாசமாச்சு அந்தச் சிரிப்பைக் கேட்டு! எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் விளையாட்டாகச் சேர்ந்தவனுக்கு நிஜமாகவே ஆசை பிடித்துக்கொண்டது. போன பரீட்சையில் நல்ல மார்க். யாரிடம் சொல்வது? உன் அம்மா படத்துக்கு முன்னால் போய் நின்று, "பாத்தியா, நான் பாஸ்! நீ இருந்தா நம்பியே இருக்கமாட்ட" என்று சொன்னேன்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். வருகிற திங்கட்கிழமை பெரிய பரீட்சை. "கேமராவைச் சரிபண்ணிடு செல்லம், உன் முகத்தைப் பார்க்கணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நான் நின்றுவிட்டால், இந்தப் பிள்ளையும் ஓடிப்போச்சே என்று ஹெட்போன் மறுபடி டிராயருக்குள் போய்விடும். முகத்தைக் காட்டினாலோ, மாமா பரிதாபப்பட்டுப் படித்தாரா என்று மனசு உடைந்துவிடுவாள். ஆகவே நீ உடனே உன் ஆபீசில் தலைவாரிப் பவுடர் போட்ட ஒரு நல்ல பெண்ணைப் பிடித்துக் கேமரா முன்னால் உட்கார வை. அவள் வாயைத் திறக்க வேண்டாம். டைப் அடிப்பதை இங்கிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன். எப்படி இணைப்பது என்று மருந்துக்கடைக்காரர் யோசித்துக்கொண்டிருக்கிறார். அவளிடம் மட்டும் மூச்சு விட்டுவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. நீ நினைத்ததெல்லாம் நடந்து, சீக்கிரம் இந்தப் பக்கம் மாற்றலாகி வரவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

அன்பு அப்பா.

பின்குறிப்பு: மேலே எழுதினது அத்தனையும் ரத்து. பெண் எவளையும் பிடிக்காதே. உறையை ஒட்டப் பசை கேட்டுக் குரல் கொடுத்தேன். பசையோடு வந்தவள் வாசலிலேயே நின்று, "திங்கட்கிழமை ஹாலுக்கே வந்துடுங்க மாமா. ரெண்டு ரூம்ல எதுக்கு ரெண்டு ஃபேன்?" என்றாள். எப்போ தெரியும் என்றேன். "மொத நாளே. மைக் கெட்டுப்போச்சுன்னு எழுதினீங்களே தவிர, அதை நீங்க அணைக்கவே இல்ல. நீங்க இருமினா ஹெட்போன்லயும் கேக்கும், சுவத்துலயும் கேக்கும். அத்தை படத்துகிட்ட மார்க் சொன்னது வரைக்கும் கேட்டேன் மாமா." அப்புறம் ஏன் என் மானத்தை வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தாய் என்று கத்தினேன். அதற்கு அவள், "சொன்னா நிறுத்திடுவீங்களே. அத்தை போனதுலேருந்து நீங்க யார்கிட்டயாவது பேசி நான் பார்த்தேனா? இந்தக் கிளாஸ் ஆரம்பிச்ச பிறகுதான் சாப்பிடறப்ப வாயைத் திறக்கறீங்க. உங்களுக்காகத்தான் நான் தினமும் எந்திரிச்சு ஹெட்போனை மாட்டினேன்" என்று சொல்லிவிட்டு, அழுதாள். நானும்தான். பசை காய்ந்துவிட்டது.

உன்னிடம் ஒன்றே ஒன்று. வருகிறபோது நல்ல பிளேடு ஒரு பாக்கெட் வாங்கி வா. இங்கே கிடப்பது துருப்பிடித்துவிட்டது. திங்கட்கிழமைக்கு மட்டும் மருந்துக்கடையில் வாங்கிக்கொள்கிறேன். கேமரா ஆனில் இருக்குமாம்.