பெட்டகத்துக்கும் ராகு காலம் உண்டு

கல்யாணம் என்றதும் என்ன சத்தம் ஞாபகத்துக்கு வருகிறது என்று கேட்டால், பெரும்பாலான பெண்கள் கெட்டிமேளம் என்பார்கள். எனக்கு வருவது ஒரு பீப். குட்டி பீப் இல்லை. 'உன்னால் ஆனதைப் பார்' என்று சொல்வதுபோல மூச்சுவிடாமல் நீளமாக ஒலிக்கும் பீப். அதைக் கேட்கும்போது நான் கூறைப்புடவை கட்டி, நெற்றிச்சுட்டி வைத்து, கையில் மருதாணியோடு ஓர் இரும்புப் பெட்டகத்தின் முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது நான் மலேசியாவில், கிள்ளானில் ஒரு நகைக்கடையில் வேலை பார்த்தேன். படிப்பு ஐந்தாம் படிவம், அதாவது பள்ளி இறுதி வரை. கூச்சம் மட்டும் பல்கலைக்கழக அளவுக்கு இருந்தது. வாடிக்கையாளர் சங்கிலியின் விலை கேட்டால் சங்கிலியைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். ஐந்து வருட வேலையில் முதலாளியிடம் நான் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு தபால் அட்டையில் அடங்கிவிடும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முதலாளி பழைய சாவிப் பெட்டகத்தை விற்றுவிட்டு, எண் பொத்தான்கள் வைத்த புது எலக்ட்ரானிக் பெட்டகம் ஒன்றை இறக்கினார். அதைக் கொண்டுவந்து பொருத்திய சீனர், மலாயிலும் ஆங்கிலத்திலுமாக நாற்பது விஷயங்களை ஒரே மூச்சில் சொல்லி முடித்து, "செனாங் லா, தவுக்கே" என்று சிரித்தார். ரொம்ப சுலபம், முதலாளி என்று அர்த்தம். முதலாளி தலையை ஆட்டினார். லோரி தெருமுனையைத் திரும்பியதும் விளக்கப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

"மல்லிகா, நீதான் இங்கிலீஷ் படிச்ச புள்ள. நீயே பாத்துக்கம்மா."

அந்த நேரத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு பிரிக்பீல்ட்ஸ். மற்ற பெண்களாக இருந்தால் பிளவுஸ் தைக்கக் கொடுத்ததைப் பற்றி யோசித்திருப்பார்கள். நான் 'மாஸ்டர் கோட்' பற்றி யோசித்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அந்தப் புத்தகத்தைப் படித்தேன். (அம்மா, மாப்பிள்ளை கடிதம் போட்டிருக்கிறார் என்று நினைத்து என்னைத் தொந்தரவு செய்யவில்லை.) வாயால் சாதிக்க முடியாததை விரலால் சாதித்துக் காட்டுவது என்று முடிவு கட்டியிருந்தேன்.

விஷயம் இதுதான். தலைமை எண் ஒன்று உண்டு. அதை வைத்து மற்றவர்களுக்குத் தனித்தனி எண் கொடுக்கலாம். முதலாளி, அவர் மனைவி, கணக்கர், நான் என்று நான்கு பேருக்கு எண். இரண்டு பேர் அடுத்தடுத்து எண் அழுத்தினால்தான் கதவு திறக்கும். ஒரே ஆள் திறந்து திருட முடியாது. அவரவர் எண்ணை அடுத்தவரிடம் சொல்லவே கூடாது என்று புத்தகம் கொட்டை எழுத்தில் எச்சரித்தது.

நம் ஆட்கள் கேட்பார்களா? முதலாளி நான்கு நம்பர் லாட்டரிக்கு வைத்திருந்த கனவு எண்ணோடு வீட்டு எண்ணைச் சேர்த்து வைத்தார். அன்று மாலையே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மறந்தாலும் மறந்துருவேன், நீ ஞாபகம் வச்சுக்க" என்று காதில் சொன்னார். அவர் மனைவி, "அவருக்குத் தெரிய வேணாம்" என்று தன் எண்ணைச் சொன்னார். கணக்கர் ஒரு படி மேலே போய், எண்ணை என்னையே தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டார். இப்படியாக, நான்கு பேர் சேர்ந்து காக்க வேண்டிய ரகசியம் முழுக்க, யாரிடமும் பேசாத ஒருத்தியின் தலைக்குள் வந்து சேர்ந்தது.

அதோடு நின்றிருக்கலாம். புத்தகத்தின் கடைசியில் இன்னொரு வசதி இருந்தது. ஒவ்வொரு நாளும் குறிப்பிட்ட நேரத்தில் பெட்டகம் யார் வந்தாலும் திறக்காதபடி செய்யலாம். வங்கிகளுக்காக வைத்திருப்பார்கள் போல. அதை நான் முதலாளியிடம் சொன்னதும் அவர் முகம் விளக்குப் போட்டதுபோல ஆனது.

"அப்படின்னா ராகு காலத்துல தொறக்காம செய்ய முடியுமா?"

ராகு காலத்தில் பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது அவருடைய பெரிய கொள்கை. கணக்கர் அதை அடிக்கடி மறந்துவிடுவார். வியாபாரம் மந்தமாகும் போதெல்லாம் பழி அவர் மேல் விழும். இனி பெட்டியே பார்த்துக்கொள்ளும் என்றால் கடையில் சண்டை ஏது?

சுவர் காலண்டரைப் பார்த்து ஏழு நாள் ராகு காலத்தையும் பெட்டகத்துக்குள் ஏற்றினேன். அது நாட்களின் பெயரைக் கேட்கவில்லை. நாள் ஒன்று, நாள் இரண்டு என்று எண்ணாகத்தான் கேட்டது. ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று வரிசையாகப் போட்டேன். முதலாளி பெட்டகத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். காலையில் தட்டுகளை எடுக்க ஒருமுறை, கடை அடைக்கும்போது ஒருமுறை, அது சமர்த்தாகத் திறந்தது. எனக்குக் கால் தரையில் படவில்லை.

கல்யாணத் தாலியை எங்கள் கடையில்தான் செய்யக் கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ள வேண்டிய அத்தை (அதாவது மாப்பிள்ளையின் அம்மா) வேண்டாம் என்றுவிட்டார். வீடு முழுக்க ஈப்போ உறவினர்கள். பாய் விரித்த இடத்தில் இன்னொரு பாய் விரிக்க இடமில்லை. தாலியை எங்கே வைப்பது? "நம்ம புது பெட்டியவிட பத்திரமான எடம் மலேசியாவுலயே கெடயாதுங்க" என்றார் முதலாளி. ஞாயிறு காலை தானே எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வருவதாகவும் சொன்னார். ஒன்பதிலிருந்து பத்தரை வரை முகூர்த்தம். மண்டபமும் கிள்ளானில்தான், கடையிலிருந்து காரில் பத்து நிமிடம்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி தாண்டி, எனக்குத் தலையில் பூ வைத்து முடிக்கும் நேரத்தில் முதலாளி மணப்பெண் அறைக்கு வந்தார். வாசலில் நின்றபடி, வாயைத் திறந்து மூடினார். கூச்சத்தில் நான் இருக்க வேண்டிய நிலையில் அவர் இருந்தார்.

"தொறக்க மாட்டேங்குதும்மா. நானும் வீட்டுக்காரியும் மாறி மாறி அழுத்திட்டோம். பீப்புங்குது."

"எவ்வளவு நீளமா, பாஸ்?" என்று கேட்டேன். (கல்யாண நாளில் மணப்பெண் கேட்கக்கூடிய கேள்வியா இது?)

"ரொம்ப நீளமா."

எண் தவறென்றால் குட்டியாக மூன்று பீப் வர வேண்டும். நீளமான பீப் என்றால் 'இது திறக்கும் நேரம் இல்லை' என்று அர்த்தம். ஆனால் ஞாயிறு ராகு காலம் சாயங்காலம்தானே? நான் எழுந்து நின்றேன். அம்மா என் கையைப் பிடித்தார். "நான் போனாதாம்மா தொறக்கும்" என்று சொல்லிவிட்டு முதலாளியின் பின்னால் நடந்தேன். காரில் ஏறிய பிறகுதான் பார்த்தேன், பின் இருக்கையில் எனக்கு முன்பாகவே அத்தை உட்கார்ந்திருந்தார்.

கடைக்குள் போய் முதலாளியின் எண்ணையும் என் எண்ணையும் அழுத்தினேன். பீ... ப். தலைமை எண்ணை அழுத்தினேன். பீ... ப். முதலாளி தன் எண்ணில்தான் தவறோ என்று கார் எண், கடை உரிம எண், போன மாதத்துக் கனவு எண் எல்லாவற்றையும் முயன்று பார்த்தார். பெட்டகம் எல்லோருக்கும் ஒரே மரியாதையைத்தான் கொடுத்தது.

பக்கத்துப் பட்டறை அண்ணன் சத்தம் கேட்டு வந்தார். கையில் கடப்பாரை. ஞாயிற்றுக்கிழமையும் கடப்பாரையோடு தயாராக இருக்கும் மனிதர். "பாஸ், நெம்பிரலாமா?" என்றார். முதலாளி சம்மதிக்கும் நிலையில்தான் இருந்தார். நான் பெட்டகத்துக்கு முன்னால் குறுக்கே போய் நின்றுவிட்டேன். நெம்பினால் உள்ளே இன்னொரு தாழ் விழும், அப்புறம் ஒரு வாரம் ஆனாலும் திறக்க முடியாது என்று புத்தகத்தில் படித்திருந்தேன். "வேணாம்ணே" என்றேன். அந்த அண்ணன் என் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். பயந்துபோய்க் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார்.

அத்தை நாற்காலியில் சாய்ந்து, கூரையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"எல்லாம் என் நேரம். சனிக்கிழமைதான் மண்டபம் சும்மா கெடைச்சிச்சு. ஒம்பதுலேர்ந்து பத்தர வரைக்கும் ராகு காலமாச்சேன்னு, காசு கூடக் குடுத்து ஞாயித்துக்கிழமைக்கு மாத்துனேன்."

ஒன்பதிலிருந்து பத்தரை வரை சனிக்கிழமை ராகு காலம். நான் சனிக்கிழமையை ஏழாவது நாளாகப் போட்டேன். நம் காலண்டரில் வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். இந்தப் பெட்டகத்தைச் செய்த நாட்டில் வாரம் திங்கட்கிழமை தொடங்கும் போல. அவர்களுக்கு ஏழாவது நாள் இன்றைக்கு. நேற்று முடிந்த ராகு காலத்தை நான் என் கல்யாண முகூர்த்தத்தின் மேல், ஒரு நிமிடம்கூடப் பிசகாமல், என் விரலாலேயே பொருத்தி வைத்திருந்தேன்.

"இது கெட்டுப் போகல, பாஸ். பத்தரைக்குத் தானா தொறக்கும். அதுக்கு முன்னால யாராலயும் தொறக்க முடியாது."

"பத்தரைக்கு முகூர்த்தமே முடிஞ்சிருமே" என்றார் முதலாளி.

கடைத் தொலைபேசியில் மண்டபத்துக்குப் பேசினோம். ஐயர் சுருக்கமாகச் சொன்னார்: பத்தரைக்குள் கழுத்தில் ஏதாவது ஏறியாக வேண்டும், அவருக்கு மதியம் ரவாங்கில் இன்னொரு கல்யாணம் இருக்கிறது. இன்றைக்கு இல்லையென்றால் அடுத்த நல்ல நாள் இரண்டு மாதம் கழித்து. அத்தையின் கண் கலங்கிவிட்டது. இத்தனை உறவினரை ஈப்போவுக்குத் திருப்பி அனுப்பி, மறுபடி கூப்பிட்டு, மறுபடி பாய் விரித்து... அந்தக் கலக்கத்தில் என் கல்யாணமே கரைந்துகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

நான் தொலைபேசியை முதலாளி கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"ஐயரே, மஞ்சக் கெழங்கக் கயித்துல கட்டி ரெடியா வைங்க. அதையே கட்டட்டும். நாங்க வந்துக்கிட்டே இருக்கோம்." வைத்துவிட்டு அத்தையைப் பார்த்தேன். நகையைப் பார்த்து இல்லை, அவர் முகத்தைப் பார்த்து. "பத்தரைக்கு நானே வந்து தங்கத்த எடுத்துத் தரேன், அத்த."

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "பேசாத புள்ளன்னு சொல்லிக் கட்டி வைக்கிறாங்க" என்று முணுமுணுத்தபடி காரில் ஏறினார்.

மண்டபத்தில் மஞ்சள் தாலி ஏறியது. பந்தி தொடங்கிவிட்டதால் பாதிப் பேர் பார்க்கவில்லை. மாலையைக்கூடக் கழற்றாமல் திரும்பக் கடைக்குப் புறப்பட்டோம். இந்த முறை மாப்பிள்ளையும், 'முழு நாளுக்கும் பேசியிருக்கு' என்று புகைப்படக்காரரும் கூட வந்தார்கள். பெட்டகத்தின் முன்னால் நான் குனிந்தேன். முதலாளி தன் எண்ணை நான் அழுத்தும்போது, ரகசியத்தைக் காக்க, நாகரிகமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பத்தரை. குட்டியாக இரண்டு பீப், பச்சை விளக்கு, கதவு திறந்தது. பட்டறை அண்ணன் வாசலிலிருந்து கைதட்டினார்.

தாலியை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். அத்தை வழியை மறித்தார்.

"எங்க போறீங்க? வழியில கார் நின்னாலும் நிக்கும். இனிமே நான் எதையும் நம்ப மாட்டேன். இங்கேயே கட்டுடா."

இரண்டாவது முறையாக என் கழுத்தில் தாலி ஏறியது, திறந்திருந்த பெட்டகத்தின் முன்னால். முதலாளி தட்டில் கற்பூரம் ஏற்றினார். முடிச்சுப் போட்டுக்கொண்டே என் கணவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை: "இதுக்கும் ரெண்டு பேரு அழுத்தணுமா?"

மறுநாள் திங்கட்கிழமை, மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு முன்னால், நான் கடைக்குப் போனேன். ராகு காலத்தையே எடுத்துவிடச் சொன்னார் முதலாளி. எடுக்கவில்லை. ஏழு நாளையும் அழித்துவிட்டுச் சரியாகப் போட்டேன். அந்தக் கடை இருந்தவரை பெட்டகம் ஒரு ராகு காலத்திலும் திறக்கவில்லை.

அந்தப் புகைப்படம் இன்றும் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. என் தலைக்கும் அவர் தலைக்கும் நடுவே எண் பொத்தான்கள். புதிதாக வருபவர்கள் எந்தக் கோயில் என்று கேட்பார்கள். வீட்டில் கடவுச்சீட்டோ வீட்டுப் பத்திரமோ எதை யார் என்னிடம் கொடுத்தாலும் அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்: "அவகிட்டயா குடுக்குற? பத்தரைக்குத்தான் திரும்பக் கெடைக்கும்."

போன வருடம் என் மகளுக்குக் கல்யாணம். தாலியை வங்கிப் பெட்டகத்தில் வைக்கலாமா என்று மெதுவாகக் கேட்டேன். அத்தை அதை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பிறகு பேத்தி, மாப்பிள்ளை, சம்பந்தி எல்லோருக்கும் முன்னால் என்னைக் கேட்டார்:

"அதெல்லாம் இருக்கட்டும். மொதல்ல இதச் சொல்லு. வாரத்துல மொத நாளு எது?"

எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்குக் கூச்சம் இன்னும் போகவில்லை. ஆனாலும் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமதான், அத்த."