டிஸ்க்குக்கு வைத்த சந்தனம்

சிக்கல்,
கார்த்திகை 9

அன்பு மகள் ஜெயப்பிரியாவுக்கு அய்யா பாண்டித்துரை எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் மாடுகளும் சுகம். புனேயில் உனக்கும் உன் வேலைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க உத்தரகோசமங்கை சாமியை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் உன் அம்மா பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்துவாள் என்பதால் கடிதம்.

நீ விட்டுப்போன லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்று ஞாயிறுதோறும் கோபப்பட்டாய் அல்லவா? பேசும்போதே உன் படம் வாய் திறந்தபடி நின்றுவிடும், நாங்கள் "கேக்குதா, கேக்குதா" என்போம், மறுபடி முதலிலிருந்து. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதுசாக ஏற்றச் சொன்னாய். ஏர்வாடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஹசன் அலி தம்பியிடம் கேட்டேன். இன்னொரு வழியும் உண்டு, பெட்டியோடு வந்த மூன்று டிஸ்க்கையும் போட்டால் வாங்கின அன்றைக்கு இருந்தது மாதிரியே ஆகிவிடும் என்றார். வீட்டில் வந்து சொன்னதுதான் தப்பு. "வாங்குன அன்னைக்குப் பிள்ள வீட்டுலதான இருந்தா. அதே மாதிரியே ஆக்கச் சொல்லுங்க" என்று உன் அம்மா பிடித்துக்கொண்டாள். லேப்டாப்பையும் டிஸ்க்கையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன், தாயி. முதல் டிஸ்க் ஓடியது, இரண்டாவதும் ஓடியது, மூன்றாவதை உள்ளே விட்டதும் லேப்டாப் மாவு மில் மாதிரி சத்தம் போட்டு நின்றுவிட்டது. எடுத்துப் பார்த்தால் பளபளக்கிற பக்கம் முழுக்கச் சந்தனம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அரிவாள், மண்வெட்டி, டிராக்டர் சாவியோடு அடுக்கில் மேலே இருந்த டிஸ்க்குக்கும் பொட்டு வைத்து வந்திருக்கிறாள் உன் அம்மா. கேட்டால், "அதுவும் பிள்ள படிச்ச ஆயுதம்தான" என்கிறாள். ஹசன் அலி சிரிக்கவில்லை, நல்ல மனுஷர், கழுவிக்கூடப் பார்த்தார். கடைசியில் நீ சொன்னபடியே அழித்துப் புதுசாக ஏற்றிக் கொடுத்துவிட்டார்.

இப்போது குதிரை மாதிரி ஓடுகிறது. தொட்டால் திறக்கிறது. இனி உன் முகம் நேரில் பார்க்கிற மாதிரியே தெரியுமாம். அதனால் பொங்கலுக்கு லீவு கேட்டுக் கெஞ்சி, ரயிலில் இடிபட்டு நீ வர வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு. நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு என்று இரண்டு பேரும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
அய்யா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. முன்பெல்லாம் நின்று நின்று ஒரு மணி நேரம் ஆகும். உன் படம் நிற்கும்போதெல்லாம், கன்னம் ஒட்டியிருக்கிறதா என்று அம்மா கிட்டப் போய்ப் பார்ப்பாள். நேற்று ஆறே நிமிஷத்தில் எல்லாம் பேசி முடித்து வைத்துவிட்டாய். எனக்கும் பத்தவில்லை. பழையபடி மெதுவாக்கித் தர முடியுமா என்று ஹசன் அலியைக் கேட்கச் சொன்னாள் அம்மா. காலையில் கேட்டேன். அதற்கு டிஸ்க் கிடையாதாம். பொங்கலுக்கு வந்துவிடு, தாயி.