பழமை அடியாரும் பண்ணை மணியும்

ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை வகுத்த நம் முன்னோர், தென்னாப்பிரிக்காவில் எங்கள் திராட்சைப் பள்ளத்தாக்கில் ஓரிரவு தங்கியிருந்தால், ஏழாவதாகவும் ஓர் இனத்தைச் சேர்த்திருப்பார்கள். அதற்குப் பழமை அடியார் என்று நான் பெயரிட்டிருக்கிறேன்.

இவரை நீங்கள் அறிவீர்கள். செப்பனிட்ட பழம்பண்ணையின் விருந்தினர் இல்லத்தில் வந்து இறங்கியதுமே, வெண்சுவரைத் தடவி, தேக்குக் கதவில் கன்னம் பதித்து, புல்வேய்ந்த கூரையை அண்ணாந்து நோக்கி, மெய் சிலிர்த்து, மொழி குழறி, "முந்நூறு வருஷம்!" என்று கண்ணீர் மல்க நிற்பார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏசி எங்கே என்பார்.

சென்ற அறுவடையின்போது ஹெஸ்டர் அம்மையாரின் பண்ணைக்கு ஹாட்டிங் என்னும் ஜொஹானஸ்பர்க் வழக்கறிஞர் எழுந்தருளினார். காலை உணவில், ஆப்ரிகாட் ஜாமை மூன்றாம் முறை அள்ளிக்கொண்டே அருளினார்:

"நகரமெல்லாம் ஒரு வாழ்க்கையாம்மா? கையால மண்ணுல வேலை செய்யணும்."

"தாராளமா செய்யுங்க. வெயில் ஏறுறதுக்குள்ள வெள்ளைத் திராட்சை பூரா இறங்கணும். இல்லேன்னா கொடியிலேயே வெந்துரும். ஆள் பத்தாம தவிக்கிறேன்."

"இன்னிக்கா? இன்னிக்குச் சும்மா அனுபவிக்கிறேனே."

அனுபவிக்கப் போனவர் கண்ணில் முற்றத்து வெண்கல மணி பட்டது. விடுவாரா? கயிற்றைப் பற்றினார், இழுத்தார், கைபேசியில் ஓசை சரியாகப் பதியவில்லை என்று மறுபடியும் இழுத்தார்.

எங்கள் ஊரில் அந்த மணிக்கு இன்று ஒரே பொருள்: தீ. காய்ந்த மலையும் புற்கூரையும் கோடைக்காற்றும் உள்ள இடத்தில் மணியோசைக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. நான் என் பேரிக்காய்க் கூடையை எறிந்துவிட்டு ஓடினேன். அண்டைப் பண்ணையார்கள் தண்ணீர் வண்டிகளோடும், அவர்களுடைய ஆட்கள் நனைத்த சாக்குகளோடும், பாதிரியார் ஒரு வாளியோடும் ஓடிவந்தார்கள். புகையில்லை. அடியார் மட்டும் புன்னகையோடு நின்றார்.

"என்ன இனிமையான சத்தம்!"

அறுவடைத் தலைவி எவெலினா இடுப்பில் கைவைத்தாள். "இனிமையா? எங்க பாட்டன் பூட்டனை அடிமையா வச்சு, இதை அடிச்சுத்தான் விடியுமுன்ன எழுப்பினாங்க. இனிமையா இருந்துச்சுன்னு எங்க வீட்ல யாரும் சொன்னதில்ல சார்."

வந்தவர்கள், மணிக்குரியவர் 'போகலாம்' என்னும்வரை போகக்கூடாது என்பது எங்கள் வழக்கம். ஹெஸ்டர் வெயிலைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். 'போகலாம்' என்று சொல்லவில்லை.

"எவெலினா, குலை வெட்டுற கத்தரி எத்தனை இருக்கு?"

"எல்லாருக்கும் இருக்கும்மா. சாருக்கு நல்லாச் சாணை பிடிச்சதா ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்."

பாதிரியாரின் வாளியிலும் திராட்சை நிரம்பியது. வெயில் கொதிக்குமுன் கொடிகள் வெறுமையாயின. ஹெஸ்டரின் ஓராண்டு உழைப்பு தப்பியது. ஹாட்டிங்கின் உள்ளங்கைகள் தப்பவில்லை.

அவர் திருந்தினாரா? 'தொல்மரபின்படி மணியடித்து, ஊரைக் கூட்டி, அறுவடையைத் தொடங்கிவைத்தேன்' என்று இப்போது நகரில் சொல்லி வருகிறாராம். அடுத்த ஆண்டுக்கும் அதே அறையைக் கேட்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள், நன்று. நீங்கள் அப்படிப்பட்டவரே அல்லர். ஆயினும், ஒருநாள் இங்கு வந்தால் ஒன்று கவனியுங்கள்: ஹெஸ்டர் இப்போது கயிற்றை உயரத்தில் சுருட்டிக் கட்டியிருக்கிறார். அடடா, நாற்காலி போட்டால் எட்டுமா என்று அதற்குள் எண்ணியவர் யார்?