அத்தான் மஞ்சளான விவரம்

கல்லூரியில் உணவியல் கற்பிக்கும் அன்பு மச்சானுக்கு, பேருந்து ஓட்டும் அத்தான் எழுதுவது.

நலம் என்று தொடங்கத்தான் ஆசை. வீட்டில் மற்ற எல்லாரும் நலம். நான் மட்டும் மஞ்சள்.

பணிமனைக் கண் பரிசோதனையில் பலகையின் கடைசி வரிகள் எனக்கு எறும்புக் கூட்டமாகத் தெரிந்ததும், மறுபடியும் தவறினால் ஸ்டியரிங்கைப் பறித்து டயர் அறையில் உட்காரவைப்போம் என்று அவர்கள் சொன்னதும், கண்ணாடி போட்டால் கிழவன் என்பார்களே என்று பயந்து உன்னிடம் போனில் யோசனை கேட்டதும் நினைவிருக்கும். "கேரட் கண்ணுக்கு நல்லது அத்தான்" என்றாய். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த உன் அக்கா அன்றே ஒரு மூட்டை இறக்கினாள். காலையில் பச்சையாக, மதியம் வேகவைத்து, இரவில் சாறாக. பலனில்லை. மறுபடி கேட்டபோது, அதிலுள்ள பீட்டா கரோட்டின் எண்ணெய் சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாக ஏறும் என்று திருவாய் மலர்ந்தாய். அதுவரை என் இதயத்தைக் காப்பாற்ற எண்ணெயை ஒளித்துவைத்தவள், இப்போது என் கண்ணைக் காப்பாற்ற அதையே ஊற்றினாள். பலன் வந்தது. கண்ணில் அல்ல, உள்ளங்கையில், பிறகு மூக்கில்.

முதலில் கவனித்தவர் கண்டக்டர். "அண்ணே, சிக்னல்ல தலைய வெளிய நீட்டாதீங்க. மஞ்ச லைட்டுன்னு நெனச்சு பின்னாடி வர்றவன் பிரேக் போடறான்." முன் சீட்டு அம்மாள் விட்டாரா? "டிரைவருக்கு மஞ்சக்காமாலை, ஒட்டிக்கும்" என்று இறங்க, பாதி வண்டி அவர் பின்னால் இறங்கியது. மேலாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை மருத்துவரிடம் அனுப்பினார்.

மருத்துவர் என் இமையை இழுத்துப் பார்த்தார். "முழி வெள்ளையா இருக்கு. காமாலை இல்ல. என்ன சாப்பிடறீங்க?"

சொன்னேன். பேனாவை மூடிவைத்தார். நீ எனக்குச் சொல்லாமல் விட்டதை அவர் சொன்னார்: குடலில் ஒரு நொதி கரோட்டினை நடுவில் வெட்டி வைட்டமின் ஏ ஆக்குமாம். அதில் கொஞ்சம் மங்கிய வெளிச்சத்தில் பார்க்கக் கண்ணுக்குப் போகுமாம், பெரும்பகுதி கல்லீரல் கிடங்கில் இறங்குமாம், கிடங்கில் சரக்கு போதுமென்றால் நொதி வெட்டுவதைக் குறைத்துக்கொள்ளுமாம், வெட்டாத கரோட்டின் தோலில் போய்க் குடியேறுமாம்.

"உங்க குடலுக்குப் போதும்னு சொல்லத் தெரியுது. வீட்டுல யாருக்கும் தெரியல போல."

"அப்ப அந்தக் கடைசி வரி எப்ப டாக்டர் தெரியும்?"

"கண்ணாடி போட்டா தெரியும்."

வாங்கிவிட்டேன், பெட்டியைத் திறக்கவில்லை. கேரட்டை நிறுத்தினால் நிறம் தானாக இறங்கிவிடுமாம். உன் அக்காவோ, "அத என் தம்பி சொல்லட்டும்" என்கிறாள். உடனே போன் செய்து சொல். அவளுக்கென்ன, பரிமாறுவதோடு சரி; மஞ்சளாவது நான். இந்த வீட்டில் என் கஷ்டத்தில் பங்குக்கு வர ஆளில்லை.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசி. எல்லாக் காய்களையும் அளவோடு தின்று, பிறந்த நிறத்திலேயே நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையில் முகவரி எழுதக் கோடு தெரியாமல் கண்ணாடியை எடுத்து மாட்டினேன். எதிரே உன் அக்கா. அவளும் மஞ்சள். மூக்கு, கை, எல்லாம் என் நிறம். "தனியாத் திங்க உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு கூடவே நானும் தின்னேன். இத்தன நாளா தெரியலையா?" என்றாள். நீ போன் செய்ய வேண்டாம். அவளிடம் நானே பேசிக்கொள்கிறேன். அவளைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். திங்கட்கிழமை கண்ணாடியோடுதான் பரிசோதனைக்குப் போகிறேன். பலகையின் கடைசி வரி மட்டும்தான் எனக்குத் தெரியவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.