மாட்டேன் பாயும் ஏழு கேள்விகளும்

‘சரி’ என்ற சொல்லை வாயால் சொல்லாமலேயே ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் பழவேற்காட்டில் எங்கள் இறால் கம்பெனிக் கொட்டகையில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார். சொந்தப் பெயர் என்னவோ இருந்தது. ஊருக்கு அவர் மாட்டேன் பாய்.

“டீ குடிக்கிறியா பாய்?” என்றால் “மாட்டேன்” என்பார். டீ வரும், குடிப்பார். தன்னுடைய நிக்காஹ்வில் “சம்மதமா?” என்று கேட்டபோதுகூட வெகுநேரம் யோசித்துவிட்டு, “மாட்டேன்னு சொல்ல மாட்டேன்” என்றாராம். மாமனார் அதையே பெரிய மனசு என்று எடுத்துக்கொண்டாராம்.

எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே சூப்பர்வைசர். ஒரு பெட்டி இறாலை வாங்குவதா, திருப்பி அனுப்புவதா என்று மேனேஜர்தான் சொல்ல வேண்டும். அவர் பொன்னேரி பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்வதற்குள் இறாலின் தலை கறுத்துவிடும். இப்படி இரண்டு லோடு மெட்ராஸிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் தலைமை அலுவலகத்துக்கு ஞானம் பிறந்தது. ஐஸ் இருக்கிறதா, தலை கறுத்திருக்கிறதா என்பது போல ஏழு கேள்விகள் அச்சடித்த ஒரு தாளை அனுப்பினார்கள். தராசுக்குப் பக்கத்தில் நிற்பவரே ஏழையும் கேட்டு, அங்கேயே முடிவெடுக்கலாம். நல்ல யோசனைதான். கூடவே ஒரு கடிதம்: இன்னொரு லோடு திரும்பினால் கொட்டகையை மூடிவிடுவோம், சூப்பர்வைசர் வீட்டுக்குப் போகலாம். எனக்குக் கல்யாணமாகி மூன்றே மாதம்.

தாளைச் சுவரில் ஒட்டினேன். ஒருத்தரும் முடிவெடுக்கவில்லை. தப்பானால் யார் தலை உருளும் என்று தாளில் போடவில்லையே! அதோடு, வாங்கிக்கொள்ள எல்லோரும் தயார். திருப்பி அனுப்பத்தான் யாருக்கும் நாக்கு எழவில்லை. பெட்டி கொண்டுவருகிறவர்களெல்லாம் மாமன், மச்சான். தராசுக்காரர் தாளைப் பார்ப்பார், பெட்டியைப் பார்ப்பார், “மேனேஜர் வந்துரட்டுமே சார்” என்பார்.

வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர் அந்த ஊரில் ஒருவர்தானே? பாயிடம் போனேன்.

“நீங்க தராசுகிட்ட நிக்கணும் பாய்.”

“மாட்டேன்.”

மறுநாள் காலை எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார்.

முதல் பெட்டியே அவர் மனைவியின் தம்பியுடையது.

“ஐஸு எங்க?” என்றார் பாய்.

“வர்ற வழில கரைஞ்சி போச்சி மச்சான்.”

“மாட்டேன். எடுத்துகினு போ.”

“இன்னா மச்சான், நான் இன்னா வெளியாளா?”

“மச்சானுக்கு ஐஸு வாணாம்னு இந்தக் காயிதத்துல எங்க போட்டுக்கீது? காட்டு!”

பாய் வீட்டில் அன்று அடுப்பு மூட்டவில்லை என்று கேள்வி. ஆனால் தராசுக்காரருக்குத் தைரியம் வந்துவிட்டது. யாராவது முறைத்தால், “பாயே மச்சானுக்கு இல்லன்னுட்டாரு, உனக்கு இன்னா?” என்பார்.

ஒரு மாதம் நன்றாகப் போனது. பிறகு ஒரு நாள், ஏரியில் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் ஓர் அம்மா சட்டியைக் கொண்டுவந்து வைத்தார். ஐஸ் இல்லை. தாளின்படி வாங்கக்கூடாது. பாய் சட்டியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். சட்டிக்கு அல்ல, தாளுக்குத்தான் “மாட்டேன்” என்றார்.

“உசுரோட துள்ற எறாவுக்கு இன்னாத்துக்கு சார் ஐஸு? ‘துள்ளுதா?’னு எழுது. அத்த மொதல்ல கேளு.”

எழுதினேன். அந்த நேரம் பார்த்தா தலைமை அலுவலக அதிகாரி ஜீப்பில் வந்து இறங்க வேண்டும்? என் கையெழுத்தைக் கண்டதும் அவர் முகம் சிவந்தது.

“அச்சடிச்ச தாளில் கிறுக்கினது யாரு? உடனே அதை அடிச்சிடுங்க. இல்லைன்னா நீங்க கிளம்பலாம்.”

என் கை பேனாவைத் தேடியது. இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

“மாட்டேன்” என்றார் பாய், எனக்குப் பதிலாக. அதிகாரியின் கையைப் பிடித்துச் சட்டிக்குள் விட்டார். உள்ளே இறால் துள்ள, வெளியே அதிகாரி துள்ளினார்.

“துள்ளுதா சார்?”

கொட்டகையே சிரித்தது. கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டே அதிகாரியும் சிரித்துவிட்டார். பாயின் கேள்விக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் எல்லாக் கொட்டகைகளுக்கும் புதுத் தாள் வந்தது. முதல் கேள்வி: துள்ளுகிறதா?

அதற்குப் பிறகு ஒரு லோடுகூடத் திரும்பவில்லை. என் பிள்ளைகள் சாப்பிட்டதும் படித்ததும் அந்தச் சம்பளத்தில்தான். பாய் அன்று சொன்ன ஒரு சொல் போட்ட சோறு அது என்று என் மனைவி இன்றும் சொல்வாள். உண்மைதான்.

எண்பதுகளில் எனக்கு மாற்றல் வந்தது. பஸ் ஏறுவதற்கு முன் பாயின் சில்லிட்ட கையைப் பிடித்துக்கொண்டேன்.

“என்னை மறந்துடாதீங்க பாய்.”

பாய் முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்:

“மாட்டேன்.”